மூலம் நம் கையில்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில், மயிலாப்பூரில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பத்தாண்டுகளாக மாதந்தோறும் கூடிக் கவிதை படித்த ஒரு வட்டத்தின் விழாவில் கணினியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். தலைப்பைச் சொன்னவுடன், "அம்மா, சிலப்பதிகாரம் பேசுவீர்கள் என்றல்லவா இருந்தோம்?" என்று அன்பர் ஒருவர் உரிமையோடு கேட்டார். அவருக்குரிய விடை, இந்த மலரைத் தொகுத்த வேலையிலேயே கிடைத்தது.

மலருக்காகப் பழைய கவிதைகளைத் திரட்டியபோது, மறைந்த நம் மூத்த கவிஞர் ஒருவரின் இல்லத்தார் அவருடைய கணினியிலிருந்த கோப்புகளை ஒரு பென்டிரைவில் இட்டு அனுப்பினர். திறந்து பார்த்தோம். தமிழ் இல்லை. ஆங்கில எழுத்துகளும், தலைமேல் குறியிட்ட ஐரோப்பிய எழுத்துகளும், காற்புள்ளிகளும் கலந்த ஒரு குவியல்தான் இருந்தது. அவர் கடைசிக் காலத்தில் எழுதிய நாற்பத்தொரு கவிதைகள் கண்முன்னே இருந்தன. ஒன்றையும் படிக்க இயலவில்லை. ஓலை செல்லரித்ததனால் நூலை இழந்த வரலாறு நமக்குண்டு. இங்கே எதையும் செல் அரிக்கவில்லை. எழுதியது எழுதியபடியே இருந்தது. திறவுகோல்தான் நம்மிடம் இல்லை.

அந்த மாதங்களில்தான் என் மடிக்கணினியை விண்டோஸிலிருந்து லினக்ஸ் என்னும் கட்டற்ற இயங்குதளத்திற்கு மாற்றினேன். இவ்விரண்டும் வேறு வேறு செய்திகள் அல்ல என்று சொல்வதற்கே இந்த உரை. கணினியில் எழுதும் தமிழருக்கும் அவர் எழுத்துக்கும் நடுவே மூன்று பூட்டுகள் உள்ளன. முதலாவது, எழுத்தை எண்ணாக்கும் குறியேற்றம். இரண்டாவது, எழுதியதைச் சேமிக்கும் கோப்பின் வடிவம். மூன்றாவது, இவையனைத்தையும் தாங்கும் இயங்குதளம். ஒவ்வொன்றிலும் திறவுகோல் யார் கையில் இருக்கிறது என்பதே கேள்வி.

முதற் பூட்டு: குறியேற்றம்

கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். 'அ' என்பதற்கு ஓர் எண், 'க' என்பதற்கு ஓர் எண் என்று வகுத்துக்கொண்டால்தான் அது எழுதும். 1980களிலும் 1990களிலும் ஓர் எழுத்துருவுக்கு 256 இடங்களே இருந்தன. அவற்றிலும் பாதி ஆங்கிலத்திற்கென ஒதுக்கப்பட்டவை. 247 எழுத்துடைய நாம் அந்தச் சிறு வீட்டில் ஒண்டுக்குடித்தனம் செய்ய வேண்டியிருந்தது. ஒவ்வோர் எழுத்துருவாளரும் தமக்குத் தோன்றிய இடத்தில் ஒவ்வோர் எழுத்தை வைத்தனர். ஒருவர் எழுத்துருவில் 'க' இருந்த எண்ணில் இன்னொருவர் எழுத்துருவில் வேறோர் எழுத்து இருக்கும். எழுதியபோது பயன்பட்ட எழுத்துரு இல்லாவிட்டால், எழுதியது குப்பையாகத் தோன்றும். நம் கவிஞரின் கோப்புகளுக்கு நேர்ந்தது இதுவே.

அக்காலத்தில் உழைத்தவர்களைக் குறைகூற இதைச் சொல்லவில்லை. கனடாவில் சீனிவாசன் 'ஆதமி'யையும், மலேசியாவில் முத்து நெடுமாறன் 'முரசு'வையும் உருவாக்கினர். சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கல்யாணசுந்தரம் தாம் வடித்த எழுத்துருவுக்கு 'மயிலை' என்றே பெயரிட்டு, எவரும் விலையின்றிப் பயன்படுத்திக்கொள்ளுமாறு வழங்கினார். நாம் கூடியிருக்கும் இவ்வூரின் பெயர் அப்படிக் கடல் கடந்த தமிழர் கணினிகளில் குடியேறியது. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி இருந்தார். அவர் எழுத்தாளர், நம்மைப் போன்ற ஆசிரியர். 1995இல் சிங்கப்பூர்க் கவிதைகளைத் தாங்கிய இணையப் பக்கங்களில் தமிழ் இடம்பெறச் செய்தவர் அவர். தமிழ் இணையத்தில் கால்வைத்த தொடக்க நாளிலேயே அதன் கையில் கவிதை இருந்தது என்பதை இந்த அவை பெருமையோடு நினைத்துக்கொள்ளலாம்.

1997இல் சிங்கப்பூரில் அவர் முயற்சியால் தமிழ் இணைய மாநாடு நடந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் 'தமிழ்நெட் 99' மாநாடு கூடியது. டாம், டாப் என்னும் குறியேற்றத் தரங்களும், தமிழ் 99 விசைப்பலகையும் அதன் விளைவாக வந்தவை. இணையத்தில் கூடிய தன்னார்வலர்கள் 'திஸ்கி' என்னும் மற்றொரு தரத்தை வகுத்தனர். ஆயினும் உலக மொழிகள் அனைத்திற்கும் பொதுவான ஒருங்குறியே இறுதியில் நிலைத்தது. 1991இல் வெளிவந்த அதன் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. 2010இல் தமிழ்நாட்டு அரசு ஒருங்குறியையும், ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனியிடம் தரும் 'டேஸ் 16' முறையையும் தரங்களாக ஏற்றது. ஒருங்குறி தமிழின் இயல்புக்கு முற்றும் பொருந்தவில்லை என்ற வாதம் இன்னும் உண்டு. அவ்வாதத்தில் உண்மையும் உண்டு. ஆனால் அது எந்தத் தனி நிறுவனத்தின் கைப்பெட்டியிலும் இல்லை. எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்னும் அட்டவணை எல்லார்க்கும் திறந்திருக்கிறது. பூட்டு திறந்தது அதனால்தான்.

நம் கவிஞரின் கோப்புகளுக்கு வருவோம். அவர் பயன்படுத்திய எழுத்துருவின் பெயரைக் கோப்பிலிருந்தே கண்டுபிடித்தோம். புலம்பெயர்ந்த ஈழத்தமிழர் சுரதா யாழ்வாணன் அமைத்த 'பொங்குதமிழ்' மாற்றி போன்ற கருவிகளில், பழைய எழுத்துருக்களின் அட்டவணைகள் பொறுமையாகத் தொகுக்கப்பட்டுள்ளன. அத்தகைய மாற்றியிலிட்டபோது குவியல் தமிழாயிற்று. மாற்றிக்கும் எளிய வேலையன்று அது. பழைய எழுத்துருவில் 'கெ' என்று எழுதினால் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் முதலில் கொம்பும் பிறகு 'க'வும் சேமிக்கப்படும். ஒருங்குறியிலோ முதலில் மெய், பிறகே கொம்பு. 'கொ' என்றால் கொம்பையும் காலையும் இருபுறத்திலிருந்தும் பிரித்தெடுத்து ஒன்றாக்க வேண்டும். எனவே சில இடங்களில் கொம்பு பக்கத்து எழுத்தின்மேல் ஏறிநின்றது. கையெழுத்துப்படி கிடைத்தவற்றை அதனோடும், மற்றவற்றை யாப்போடும் பொருளோடும் ஒப்பிட்டுத் திருத்தினோம். நாற்பத்தொன்றும் மீண்டன. அவற்றுள் இரண்டு இம்மலரில் உள்ளன.

இரண்டாம் பூட்டு: கோப்பின் வடிவம்

எழுத்து தமிழானாலும், அதைப் பொதிந்துள்ள கோப்பு திறக்க வேண்டுமே! அக்கவிதைகளுள் சில, அச்சகத்திற்குரிய பேஜ்மேக்கர் கோப்புகளாக இருந்தன. அம்மென்பொருளின் கடைசிப் பதிப்பு 2001இல் வெளிவந்தது. தமிழ்நாட்டு அச்சகங்களில் நெடுங்காலம் ஆட்சி செய்த அது, இன்றைய கணினிகளில் எளிதில் இயங்குவதில்லை. ஆனால் 2015இல் வெளிவந்த 'லிபர் ஆபீஸ்' 4.4 பதிப்பிலிருந்து பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறக்கும் வசதி அதில் சேர்க்கப்பட்டது. விற்பனையே நின்றுபோன ஒரு பொருளின் கோப்பைத் திறந்து வைப்பதால் எந்த வணிகருக்கும் ஆதாயமில்லை. அது யாருக்கோ வேண்டியிருக்கும் என்று எண்ணிய நிரலர்கள் அதைச் செய்து, உலகுக்குப் பொதுவாக்கினர். பக்க அமைப்புக் கலைந்துதான் வந்தது. ஆயினும் சொற்கள் வந்தன. நமக்கு வேண்டியவை சொற்களே.

லிபர் ஆபீஸ் தன் ஆவணங்களைச் சேமிக்கும் திறந்த ஆவண வடிவம் 2006இல் பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பட்டது. அதன் இலக்கணம் வெளிப்படையாக உள்ளது. ஒரு மென்பொருள் மறைந்தாலும், அந்த இலக்கணத்தைப் படித்து வேறொருவர் அக்கோப்பைத் திறக்கும் கருவியைச் செய்துகொள்ளலாம். இலக்கணம் எஞ்சியிருந்தால் மொழியை மீட்கலாம் என்பதைத் தமிழாசிரியர் ஒருவர் சொல்லித்தானா இந்த அவை அறிய வேண்டும்?

மூன்றாம் பூட்டு: இயங்குதளம்

2025 அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. அதற்கு அடுத்த விண்டோஸ் 11 கேட்கும் வன்பொருள், பழைய மடிக்கணினிகள் பலவற்றில் இல்லை. என்னுடையதும் அவ்வகையதே. விசைப்பலகை தேயவில்லை, திரை மங்கவில்லை. ஆனாலும் முதுமை அறிவிக்கப்பட்டுவிட்டது. புதிதாக வாங்குவதா, இருப்பதைக் காப்பதா என்ற கேள்வி அப்போது எழுந்தது.

கட்டற்ற மென்பொருளின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் குனூ என்னும் திட்டத்தை அறிவித்தார். மென்பொருளை எக்காரணத்திற்கும் இயக்கும் உரிமை, அதன் மூலநிரலைப் படித்துத் திருத்தும் உரிமை, படியெடுத்துப் பிறர்க்கு வழங்கும் உரிமை, திருத்திய வடிவையும் வழங்கும் உரிமை ஆகிய நான்கும் பயன்படுத்துவோர்க்கு வேண்டும் என்பது அவர் கொள்கை. 1991இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் 21 வயது மாணவர் ஓர் இயங்குதளத்தின் கருவை எழுதி வெளியிட்டு, அடுத்த ஆண்டு அதைக் குனூவின் பொது உரிமத்தின்கீழ்க் கொணர்ந்தார். இரண்டும் இணைந்ததே நாம் லினக்ஸ் என வழங்குவது. டெபியன், உபுண்டு, லினக்ஸ் மின்ட் என்பன அதன் பல்வேறு பதிப்புகள். இங்கே 'கட்டற்ற' என்பது 'இலவசம்' என்பதன் மறுபெயரன்று. விலையில்லாமல் கிடைத்தும் கட்டுண்டிருக்கும் மென்பொருள்கள் பல உள்ளன. கட்டு இல்லாமையே இங்குச் சிறப்பு. விலையில்லாமை அதன் உடன்விளைவு.

இதைத் தமிழில் 'திறந்த மூலம்' என்கிறோம். இச்சொல்லை ஆக்கியவர் யாராயினும் நம் மரபின் நரம்பைத் தொட்டுவிட்டார். நமக்கு 'மூலம்' என்றால் உரைக்கு முன் நிற்கும் பாடல். 'மூலமும் உரையும்' என்றுதானே நம் பதிப்புகள் அட்டையில் அச்சிடுகின்றன? மூலம் கையில் இருந்தமையால்தான் பரிமேலழகர் மணக்குடவரோடு மாறுபட்டு உரை காண முடிந்தது. உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றும் முன் பல ஊர்ச் சுவடிகளை ஒப்புநோக்கினார், பாடபேதங்களைக் குறித்தார். ஒரே சுவடிதான் உண்டு, அதையும் எவரும் படியெடுக்கலாகாது என்றிருந்தால் அப்பணி நடந்திருக்குமா? கட்டற்ற மென்பொருளின் மூலநிரலில் எந்த வரியை யார், எந்நாளில், ஏன் மாற்றினார் என்னும் குறிப்பு நிலையாகச் சேமிக்கப்படுகிறது. பாடபேதக் குறிப்பு என்றே நான் அதை என் மாணவியர்க்கு விளக்குவேன்.

இன்னொரு சான்று, நமக்கு இன்னும் நெருக்கமானது. பாரதியின் பாடல்கள் ஒரு காலத்தில் தனியார் உடைமையாயிருந்தன. பாடவும் படத்தில் சேர்க்கவும் உரிமையாளர் இசைவு வேண்டியிருந்தது. அவ்வை டி. கே. சண்முகம் முதலியோர் குரல் எழுப்பினர். 1949இல், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சிக்காலத்தில், சென்னை அரசு அவ்வுரிமையைப் பெற்றது. பின்னர் அது மக்கள் அனைவர்க்கும் பொதுவாக்கப்பட்டது. நாட்டுடைமை என்னும் அரிய வழக்கம் தமிழகத்தில் வேரூன்ற அதுவே முன்னோடி. கட்டற்ற மென்பொருளின் பொது உரிமம் இதனின்றும் ஒரு படி வேறுபட்டது. நாட்டுடைமை நூலை எவரும் அச்சிட்டு, தாம் சேர்த்த பகுதிக்குத் தனியுரிமை கொண்டாடலாம். பொது உரிமத்தின்கீழ் வந்த நிரலைத் திருத்தி வெளியிடுபவரோ, தம் திருத்தத்தையும் அதே உரிமையோடு பிறர்க்கு அளிக்க வேண்டும். பெற்றதை அடைத்து வைத்தல் கூடாது.

மாற்றிய முறை

இனி, செய்முறையைச் சொல்கிறேன். முதலில் என் கோப்புகள் அனைத்தையும் தனி வன்தட்டில் படியெடுத்தேன். ரிச்சி தெருவில் திடநிலை வட்டு ஒன்றை வாங்கி, பழைய வன்தட்டுக்கு மாற்றாகப் பொருத்தச் செய்தேன். விரைவு கூடியதற்குப் பாதிக் காரணம் அதுவே. லினக்ஸ் மின்டை இணையத்திலிருந்து இறக்கி ஒரு பென்டிரைவில் பதிந்தோம். அப்பென்டிரைவிலிருந்தே கணினியை இயக்கி, எதையும் நிறுவாமல் முதலில் சோதித்துப் பார்க்கலாம். வைஃபை கிடைக்கிறதா, ஒலி வருகிறதா, அச்சுப்பொறி பேசுகிறதா என்று ஒரு வாரம் பார்த்த பிறகே நிறுவினேன். நிறுவ ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

தமிழ் எழுத்துக்கெனத் தனியாக எதையும் விலைகொடுத்து வாங்க வேண்டியதில்லை. அமைப்புகளில் தமிழ் 99 விசைப்பலகையைத் தேர்ந்தால் போதும். இடக்கையில் உயிர், வலக்கையில் மெய். 'பக்கம்' என்று எழுத 'க'வை இருமுறை அழுத்தினால் முதற் 'க'வின் தலையில் புள்ளி தானே விழுகிறது. தட்டச்சுப் பலகையில் பழகியவர்க்கு அதுவும் உண்டு. 1930களில் யாழ்ப்பாணத்து ஆர். முத்தையா மலேயாவில் இருந்து வகுத்த பொறியின் வழிவந்த பலகை முறை அது. நோட்டோ, லோகித், மீரா போன்ற எழுத்துருக்கள் கட்டற்ற உரிமத்துடன் கிடைக்கின்றன.

குறைகளையும் மறைக்கலாகாது. பல்கலைக்கழகப் படிவங்கள் சிலவற்றில் அட்டவணைகள் இடம் பெயர்ந்தன. அச்சகத்தார் இன்னும் வணிகப் பக்கமைப்பு மென்பொருளையே கேட்கின்றனர். அவர்களுக்கென்று ஒருங்குறிக் கோப்பை அனுப்பினால், அவர்கள் அதைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது புதிய பிழைகள் முளைக்கின்றன. இம்மலரின் மெய்ப்பு மூன்று முறை திருத்தப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம். தமிழ்ச் சொற்பிழைதிருத்தி இருக்கிறது. ஆனால் புணர்ச்சியில் திணறுகிறது. அதைச் செப்பமாக்கத் தமிழிலக்கணம் அறிந்தோர் துணை வேண்டும். அங்கேதான் நம் பங்கு தொடங்குகிறது.

சென்னையும் நாமும்

இது வெளிநாட்டுச் சரக்கு என்று எவரும் எண்ண வேண்டா. சென்னை லினக்ஸ் பயனர் குழு, அடையாற்றை அடுத்த ஐ.ஐ.டி. வளாகத்தில் பல்லாண்டுகள் மாதந்தோறும் கூடியது. நாம் கவிதை படித்ததுபோல் அவர்கள் நிரல் படித்தார்கள். நடுவண் அரசின் சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் 'பாஸ் லினக்ஸ்' என்னும் இயங்குதளத்தை உருவாக்கி 2007இல் வெளியிட்டது. 2011இல் தமிழக அரசு மாணவர்க்கு வழங்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸுடன் அதுவும் சேர்ந்து வந்தது. என் வகுப்பில் படித்த மாணவியர் பலர் அதன் முகப்பைப் பார்த்தவர்கள். அதைத் தமிழில் எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லித்தர ஆளில்லாததால், பார்த்ததோடு நின்றவர்கள். அடித்தளம் தந்தால் மட்டும் போதாது, அதில் தமிழ் நடமாட வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர் உழைப்பால் நம் இலக்கியங்களை மின்னூல்களாக்கியது. பழைய குறியேற்றங்களில் தொடங்கிய அது, பின்னர் ஒருங்குறிக்கு மாறியது. மாற முடிந்ததற்குக் காரணம், அக்குறியேற்றங்களின் அட்டவணை வெளிப்படையாய் இருந்தமையே. 2012இல் தொடங்கிய 'கணியம்' மின்னிதழ் கட்டற்ற மென்பொருளைத் தமிழிலேயே கற்பிக்கிறது. 2000களின் தொடக்கம் முதல் லினக்ஸின் திரைமுகங்களைத் தமிழாக்கி வருவோரும் தன்னார்வலரே. 'சாளரம்', 'கோப்பு', 'சேமி' என்ற சொற்கள் திரையில் நிற்பது அவர்கள் உழைப்பு. ஆனால் அங்கே இன்னும் பல வரிகள் ஆங்கிலத்தில் நிற்கின்றன. பல வரிகள் தமிழாகியும் தமிழாய் ஒலிக்கவில்லை. நான்கு சொற்களில் ஓர் ஏவலை மயக்கமின்றிச் சொல்வது அரிய கலை. சொற்சுருக்கம் பயின்ற கவிஞர்களைவிட அதற்குத் தகுதியுடையோர் யார்?

ஆகவே வட்டத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். முதலாவது: பத்தாண்டுக் கவிதைகள் அனைத்தையும் ஒருங்குறியில், திறந்த ஆவண வடிவில் ஒரே தொகுப்பாக்குவோம். மயிலாப்பூரில் ஒரு படி, தியாகராய நகரில் ஒரு படி, அடையாற்றில் ஒரு படி என மூன்று உறுப்பினர் இல்லங்களில் வைப்போம். இரண்டாவது: தம் கவிதையைப் பிறர் படியெடுக்கலாம் என இசையும் கவிஞர்கள், 'கிரியேட்டிவ் காமன்ஸ்' உரிமத்தின்கீழ் அதை எழுத்தில் தரட்டும். இசையாதவர் உரிமை அவர்க்கே உரியது, வற்புறுத்தல் வேண்டா. மூன்றாவது: ஆண்டுக்கு நான்கு கூட்டங்களில் ஒரு மணி நேரத்தை ஒதுக்கி, லினக்ஸ் திரைமுகத்தின் மொழிபெயர்ப்புகளைப் படித்துத் திருத்தி அனுப்புவோம். எவரும் திருத்தலாம் என்பது அங்கே விதி. திருத்துவதற்குத் தமிழ் தெரிந்தவர்கள் நாம்.

எல்லாரும் நாளையே இயங்குதளத்தை மாற்றுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அவரவர் பணியும் வசதியும் அவரவர்க்குத் தெரியும். எந்தத் தளத்தில் எழுதினாலும் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: இதை எழுதிய நான் இல்லாதபோது, என் பேத்தி இதைத் திறக்க யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? 'எவரிடமும் இல்லை' என்பது விடையாக அமையுமாறு எழுதுவோம்.